புதன்கிழமைக் கஞ்சி

ஆக்-பெல்
செப்டம்பர் 9, 1999

அனார்கானுக்கு,

இதை எழுதுவது நான். நானே. உன் கிழவன் கல்முராத்.

மேலே உள்ள ஒரு வரியை எழுத ஒரு காலை முழுதும் ஆயிற்று. கறக்கச் சொல்லிப் பசு கத்திக்கொண்டே இருந்தது. போய்க் கறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வரி வைத்த இடத்திலேயே இருந்தது. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடுகிறது. இது போகாமல் உட்கார்ந்திருக்கிறது, கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி. அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு வேடிக்கையை நான் பார்த்ததில்லை.

நீ ஜூலையில் நம் மகள் புருலின் பிரசவத்துக்கு நகரத்துக்குப் போன மறுநாளே ஓய்வு பெற்ற வாத்தியார் ஷர்ஷேன் வீட்டுக்குப் போனேன். "பேனாவ ஆட்டுக் கழுத்தப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க, கல்முராத். அது ஓடிப் போகாது" என்றார். இன்னும் அப்படித்தான் பிடிக்கிறேன். அப்பா போருக்குப் போய்த் திரும்பாததால் எட்டு வயதில் ஆட்டுக்குப் பின்னால் போனவன் நான். ஆனால் கூட்டுப்பண்ணைக் கணக்கில் ஐம்பது வருடமாக நான் படித்தவன். எழுத்தர் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாராம். இப்போதுதான் அவர் எழுதியது உண்மையாகியிருக்கிறது.

குழந்தைக்கு நாற்பது நாள் முடிந்துவிட்டது. நீ வருவாய் என்று பார்த்தேன். உன் செய்தி மட்டும் வந்தது. பேருந்து ஓட்டும் தஷ்தான் அதை வாசலில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்: "பெரியவரே! பெரியம்மா சொல்லி விட்டாங்க. 'வாராவாரம் கடைக்குப் போற செலவ அக்டோபர் முடியறதுக்குள்ள பென்ஷனுக்குள்ள அடக்கிக் காட்டட்டும். இல்லேன்னா பசுவ வித்துட்டு, வீட்டப் பூட்டிட்டு, இங்க வந்து சேரட்டும். போற வர்றவனுக்கெல்லாம் ஆக்கிப் போட நான் திரும்பி வரமாட்டேன்.' அவ்வளவுதான். குடிக்க மோர் இருக்கா?"

மோர் கொடுத்தேன்.

ஜூனில் அச்சு முறிந்து நம் வாசலில் நின்ற லாரிக்காரனுக்குச் சினை ஆட்டை வெட்டினேன் என்பதுதானே உன் கோபம்? அழைக்காமல் வருகிறவன் கடவுள் அனுப்பிய விருந்தாளி. கடவுளுக்கு வெறும் தேநீரா கொடுப்பது?

ஆனாலும் அடக்கிக் காட்டுகிறேன். நகரத்தில் நான் எங்கே போய் நிற்பேன்? ஜன்னலைத் திறந்தால் இன்னொருவன் ஜன்னல் தெரியுமாமே. ஒன்று மட்டும் சொல். எங்கிருந்து தொடங்குவது? நூறு ஆடு ஒரு வாரத்தில் எவ்வளவு மேயும் என்று எனக்குத் தெரியும். ஒரு மனுஷன் ஒரு வாரத்தில் எவ்வளவு மாவு தின்பான் என்று தெரியாது.

கல்முராத்


பிஷ்கேக்
செப்டம்பர் 13

ஷர்ஷேன் வாத்தியாருக்கு வணக்கம்.

கடிதம் நன்றாக இருந்தது. ஆட்டுக்குட்டி உவமை அவர் வாய்ப் பேச்சுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மனுஷர் தன் பெயரைச் சாகும்வரை எழுதமாட்டார். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் எத்தனை முறை கற்றுக்கொடுக்கிறேன் என்றேன், தெரியுமா? "எனக்கு எதுக்கு? நீதான் இருக்கியே" என்பார். ஆகவே அவருக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

ஒருவேளை இது உண்மையிலேயே அவர்தான் என்றால், எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை அடுத்த கடிதத்தில் எழுதட்டும். அப்போது நம்புகிறேன்.

அவராகவே இருந்தால், பின்வருவதை அவர் படிக்கலாம்.

என்ன தின்ன ஆசை என்பதிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். நிலவறைக்குள் இறங்கிப் பாருங்கள். நம் உருளைக்கிழங்கு இருக்கிறது, காரட் இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது. கூரைக்குக் கீழே காய்ந்த தயிர் உருண்டை தொங்குகிறது. பசு பால் தருகிறது. இவற்றை வைத்து ஏழு நாளுக்கும் சமையல் முடிவு செய்துவிட்டு, குறைவதை மட்டும் கடையில் வாங்குங்கள். ஞாயிறு ஒருநாள் எலும்போடு கறி. அந்த எலும்புச் சாற்றில் திங்கள் கெஸ்மே, மாவை நாடாவாக வெட்டிப் போட்டு. செவ்வாய் உருளைக்கிழங்கு. புதன் வெங்காயம் வதக்கிப் போட்ட மாவுக் கஞ்சி. இப்படிப் போகும். கடைக்கு வாரம் ஒரே முறை. வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போங்கள். பசியோடு போகிறவன் கடையையே வாங்கி வருவான்.

குழந்தை உங்கள் மூக்கோடு பிறந்திருக்கிறான், பாவம். இங்கே சுவரிலுள்ள குழாயைத் திருப்பினால் வெந்நீர் வருகிறது. முதல் நாள் நான் கையை அதன் கீழேயே வைத்துக்கொண்டு நின்றேன். புருல் வந்து மூடினாள்.

அனார்கான்


ஆக்-பெல்
செப்டம்பர் 23

அனார்கானுக்கு,

உன் தாடையில் உள்ள தழும்பு பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து வந்தது என்று உன் அம்மாவிலிருந்து நம் பேரப்பிள்ளைகள் வரை எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் கல்யாணமான கோடையில், மலை மேய்ச்சலில், என் முரட்டுப் பெட்டைக்குதிரையில் எனக்குத் தெரியாமல் ஏறிப் பார்த்தாய். அது உன்னை உதறியது. "யார்கிட்டயாவது சொன்னா உன்ன விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாய். நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதத்தான் செய்தேன்.

இப்போது நம்புகிறாயா?

முதல் வாரம் சரியாக வரவில்லை. சாப்பாட்டுப் பெயர்களில் எனக்கு அப்போது தப்பில்லாமல் எழுத வந்தது மூன்றுதான்: ரொட்டி, கறி, தேநீர். ஆகவே சுவரில் ஒட்டிய தாளில் ஏழு நாளுக்கும் கறி என்றே எழுதியிருந்தேன். ஷர்ஷேன் பார்த்துவிட்டு, "இது மந்திரி வீட்டுச் சமையலால்ல இருக்கு" என்றார். கஞ்சி என்று எழுத அன்றே கற்றுக்கொடுத்தார்.

இரண்டாவது வாரம் உன் சொற்படி வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் கடைக்குப் போனேன். ஆனால், அனார்கான், அந்தக் கடை முழுதும் எழுத்து! முப்பது வருடமாக அதற்குள் போய் வருகிறேன், சுவர் சும்மா இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு டப்பாவும் ஒன்று சொல்கிறது. பாதி ருஷ்ய மொழி. அர்த்தம் தெரியவில்லை, ஆனாலும் எழுத்து வாயில் வந்து நிற்கிறது. ஒரு டப்பாவை எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்து முடித்தேன். கடைக்காரி கென்ஜே கேட்டாள்:

"பெரியப்பா, அது என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா படிச்சிட்டேன்."

"படிச்சதையெல்லாம் வாங்கணுமா?"

"படிச்சிட்டுத் திருப்பி வச்சா, அதுக்கு அவமானமா இருக்காதா?"

"அவமானம் டப்பாவுக்கு இல்ல பெரியப்பா, பெரியம்மா வந்தா உங்களுக்குத்தான்."

அது கடல்பாசியாம். நாய்க்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. அத்தோடு பிரிஞ்சி இலை மூன்று பொட்டலம், சோடா உப்பு, இன்னும் பிரிக்காத ஏதோ ஒரு பொட்டலம், கடைசியில் மாவு. பென்ஷனில் பாதி அன்றே போய்விட்டது.

கோபப்படாதே. நான் எவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன் என்று நீ பார்த்திருந்தால் கோபப்படமாட்டாய். வழியில் மின்கம்பத்தில் இருந்த தகட்டைக்கூடப் படித்தேன். ஏறாதே, செத்துப்போவாய் என்று எழுதியிருக்கிறது. எத்தனை வருடம் அதில் குதிரையைக் கட்டியிருக்கிறேன்!

கல்முராத்


பிஷ்கேக்
செப்டம்பர் 27

என் வீட்டுக் கிழவருக்கு,

நீங்கள்தான். வேறு யாரும் கடல்பாசி வாங்கமாட்டார்கள்.

சிரித்த சிரிப்பில் தூங்கின குழந்தை விழித்துவிட்டான். புருல் ஓடிவந்து "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். தழும்பு விஷயம் வரும் இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரிக்காக உங்களை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். ஏற்கெனவே போய்விட்டேனே என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடையில் எல்லாவற்றையும் படியுங்கள். ஆசை தீரப் படியுங்கள். படித்துவிட்டு உப்பு மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். கென்ஜேயிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பட்டியலில் இல்லாததை உங்களுக்குக் கொடுக்கக்கூடாது.

மாப்பிள்ளை எமில் ஒரு வாடகை அறை பார்த்து வைத்திருக்கிறார். தரைத்தளம். மாத முடிவில் பசுவைச் சந்தைக்கு ஓட்டிப்போக அங்கே ஆள் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை. இதை மிரட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கு முதுகு வலிக்கிறது. கிணற்று நீரை நினைத்தாலே கை விறைக்கிறது. நாற்பத்தொரு வருடம் யார் வருவார் என்று தெரியாமலே அடுப்பை மூட்டி வைத்திருந்தேன். களைத்துவிட்டேன்.

கம்பத்தில் குதிரையைக் கட்டாதீர்கள்.

அ.


ஆக்-பெல்
அக்டோபர் 7

அனார்கானுக்கு,

நான் ஜெயித்துவிட்டேன். இரண்டு வாரமாகச் செலவு பென்ஷனுக்குள் அடங்கிவிட்டது. கையில் மிச்சமும் இருக்கிறது. சுவரில் உள்ள தாளில் ஞாயிறு முதல் சனி வரை எழுதியதைத்தான் சமைத்தேன். கெஸ்மே ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டது, கத்தியால் வெட்டித் தின்றேன். ஆனாலும் எழுதியதைத் தின்றேன். கடையில் எல்லா டப்பாவையும் படித்துவிட்டு உப்போடு வந்தேன். கென்ஜே கை தட்டினாள்.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். நீயும் வந்திருப்பாய். ஆனால் எழுத்தில் பொய் சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை.

செவ்வாய் பிற்பகல் இரண்டு பேர் குதிரையில் வந்தார்கள். மேய்ச்சலிலிருந்து கீழே இறங்குகிறவர்கள். ஒருவர் என் வயது. நம் வாசலில் நின்றார்கள். நான் உள்ளே கூப்பிடவில்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வாசலுக்கு வந்தவன் ரொட்டியை வாயில் வைக்காமல் போகக்கூடாது, அது ஒன்றை மட்டும் மீறவில்லை.

"ரொட்டி தொட்டுட்டுப் போங்க" என்றேன்.

தொட்டார்கள். பெரியவர், "குதிரைக்குக் கொஞ்சம் தண்ணி..." என்றார்.

"கீழ ஓடையில நிறைய ஓடுதே."

அவர் நம் கூரையைப் பார்த்தார். "புகை வருதே, பெரியவரே" என்றார்.

"ஆமா. புகைதான்" என்றேன்.

"சரி. வீடு நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக் குதிரையைத் திருப்பினார். அவருடைய காலணி முழுதும் நனைந்திருந்தது.

செவ்வாய்க்கு எழுதியிருந்த உருளைக்கிழங்கு அடுப்பில் இருந்தது. இறக்கினேன். தின்ன முடியவில்லை. நாய்க்கும் வைக்கவில்லை. அவர் திட்டிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாழ்த்திவிட்டுப் போனார்.

செலவு அடங்கிவிட்டது, அனார்கான். வீடும் அடங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு நீ வரவேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்முராத்


பிஷ்கேக்
அக்டோபர் 11

அறிவு கெட்ட கிழவரே,

வாசலைச் சாத்தச் சொன்னது யார்? நான் சொன்னேனா? தஷ்தான் அப்படிச் சொன்னானா? அவன் திரும்ப வரட்டும், காதைத் திருகுகிறேன்.

விருந்தாளி வருகிறான் என்பதற்காகவா நான் சண்டை போட்டேன்? அந்த லாரிக்காரன் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது சூடாக ஒரு கிண்ணம், படுக்க ஒரு இடம். நீங்கள் சினை ஆட்டை இழுத்து வந்தீர்கள். அவன் "வேண்டாம் பெரியவரே, வேண்டாம்" என்று உங்கள் கையைப் பிடித்தான். அவன் பசிக்காகவா வெட்டினீர்கள்? ஊர் பார்க்க வெட்டினீர்கள். செலவு விருந்தாளியால் வரவில்லை. உங்கள் வீறாப்பால் வந்தது.

இதைக் கேளுங்கள். நான் எந்தக் கஞ்சிக்கும் இரண்டு பிடி மாவு அள்ளியதில்லை. உங்களுக்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி, மூன்றாவதாக ஒரு பிடி. நாற்பத்தொரு வருடமும் அப்படித்தான். பெயர் தெரியாதவனுக்கு அந்தப் பிடி. யாராவது வந்தால் அவர்களுக்குப் போகும். வராவிட்டால் மறுநாள் காலை வெண்ணெயில் வறுத்து உங்களுக்குப் போட்டேன். "இது ரொம்ப ருசியா இருக்கே" என்று தினமும் சொன்னீர்களே, அது வராமல் போன விருந்தாளியின் பங்கு. அவனையும் சேர்த்துத்தான் வாரத்தைத் திட்டமிட வேண்டும். அவனை விட்டுவிட்டுப் போட்ட திட்டம் கஞ்சன் திட்டம்.

இன்னொன்று. பெரிய சாப்பாட்டு விரிப்பை மடித்துப் பெட்டியில் வையுங்கள். விருந்தாளி முன்னால் துணி தெரியக்கூடாது, தட்டுகளால் மூடியிருக்க வேண்டும் என்று கிலோக் கணக்கில் மிட்டாய் வாங்குகிறீர்களே, சின்ன விரிப்பைப் போட்டால் ரொட்டியும் வெண்ணெயும் ஜாமுமே அதை நிறைத்துவிடும். துணியைச் சிறியதாக்கினால் யாருக்கும் குறை தெரியாது. இது என் மாமியார் எனக்குச் சொன்னது. உங்கள் அம்மாதான்.

ஈரக் காலணியோடு ஒரு மனுஷரை அனுப்பிவிட்டீர்களே.

அ.


ஆக்-பெல்
அக்டோபர் 15

அனார்கானுக்கு,

தஷ்தான் ஹாரன் அடிக்கிறான், சுருக்கமாக எழுதுகிறேன்.

சின்ன விரிப்பைப் போட்டேன். மூன்று பிடி மாவு அள்ளினேன். முதல் நாள் யாரும் வரவில்லை, வறுத்துத் தின்றேன். இரண்டாம் நாளும் யாருமில்லை, வாசலில் போய் நின்று ரோட்டைப் பார்த்தேன். மூன்றாம் நாள் மின்சார வேலைக்காரர்கள் இருவர் வந்தார்கள். உன் பிடியையும் சேர்த்தாலும் வேலை செய்து வந்த இருவருக்கும் போதுமா என்று பயந்தேன். தண்ணீர் கொஞ்சம், வெங்காயம் கொஞ்சம் சேர்த்தேன். போதுமாக இருந்தது. ஒருவன் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தான். ஆடு மூன்றும் கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அந்தக் குதிரைக்காரரை அப்புறம் இந்த வழியில் காணவில்லை.

கல்முராத்


ஆக்-பெல்
அக்டோபர் 21

அனார்கான்,

பெரிய தப்பு நடந்திருக்கலாம். நாளை வெள்ளி, பேருந்து போவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். கை ஓடமாட்டேன் என்கிறது.

நேற்றுப் புதன்கிழமை சம்பந்தி வந்தார். எமிலின் அப்பா ஒரோஸ்பெக்கேதான். பேரனைப் பார்க்க நகரத்துக்குப் போகிறாராம். வெள்ளி பேருந்து வரை நம் வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னார். மூன்று வருடத்தில் இப்போதுதான் வருகிறார். நரித்தோல் தொப்பி, பெரிய கோட்டு, பண்ணைத் தலைவராக இருந்த காலத்து நடை எல்லாம் அப்படியே.

ஷர்ஷேன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "கத்தியத் தீட்டட்டுமா?" என்றார். சம்பந்தி வந்தால் ஆடு வெட்டித்தான் ஆகவேண்டும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

உள்ளே விருந்தாளிக்குரிய மேலிடத்தில் உட்காரவைத்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"இது என்ன தாள்?"

"நான் எழுதினது, சம்பந்தி."

"நீங்களா? பிள்ளைங்க கல்யாணப் பதிவுல கட்டைவிரல் வச்ச மனுஷன்தானே நீங்க?"

"அதே விரல்தான். இப்பப் பேனாவும் பிடிக்குது."

எழுந்து போய்ப் படித்தார். "ஞாயிறு கறி. திங்கள் கெஸ்மே. புதன் கஞ்சி..." நின்றார். "இன்னைக்கு என்ன கிழமை, சம்பந்தி?"

"புதன்."

"எனக்குமா?"

அப்போது என் மனது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. கொட்டிலில் ஆடு கத்தியது. எழுந்து போய் அதன் காதைப் பிடித்திருக்கலாம், ஒரு நொடி வேலை. முகம் நிமிர்ந்திருக்கும். ஆனால் அந்த ஆடு போனால், அடுத்தவருக்கு அடுத்த ஆடு. பிறகு பசு. பிறகு பூட்டு. நீ சொன்ன வீறாப்பு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்கும்தான், சம்பந்தி. மூணு பேருக்கு மாவு போட்டிருக்கேன். நீங்க வருவீங்கன்னு தெரியாது. யாரோ வருவாங்கன்னு தெரியும்" என்றேன்.

சின்ன விரிப்பைப் போட்டேன். ரொட்டி, வெண்ணெய், ஜாம், நடுவில் கஞ்சி. அவர் சாப்பிட்டார். இரண்டாவது கிண்ணமும் கேட்டார். முடிந்ததும் கைகளை முகத்தில் தடவி வாழ்த்துச் சொன்னார், கையைக் கழுவினார், ஆட்டு விலை, பனி என்று பேசிவிட்டுப் படுத்துவிட்டார்.

இன்று காலை, "நான் கெளம்பறேன், சம்பந்தி. பக்கத்து ஊர்ல அக்கா இருக்காங்க, அங்க போறேன். அங்கேயே பஸ் ஏறிக்கறேன்" என்றார். வெள்ளி வரை இருக்கிறேன் என்றவர் வியாழன் காலையே போய்விட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஷர்ஷேன் தலையில் அடித்துக்கொண்டார். "நாப்பது வருஷம் பாடம் சொன்னேன். படிச்சு இப்படி நாசமாப் போனது நீங்க ஒருத்தர்தான்" என்றார். சம்பந்திக்குக் கஞ்சி ஊற்றியவன் என்று கிணற்றடியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னை என்ன சொன்னாலும் பரவாயில்லை. புருலைச் சொல்வார்களே. "உங்க அப்பன் வீட்டுல நம்ம மாமனாருக்குக் கஞ்சி" என்று ஓரகத்திகள் காலத்துக்கும் குத்திக் காட்டுவார்களே. அவர் வரும் பேருந்தில்தான் இந்தக் கடிதமும் வரும். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு எழுது. அவர் கோபத்தில் இருந்தால், பசுவை விற்று அவருக்கு ஒரு நல்ல மரியாதை செய்துவிட்டு நான் அந்தத் தரைத்தள அறைக்கே வந்துவிடுகிறேன். என் வாசலை விட என் மகள் தலை நிமிர்ந்திருப்பது பெரியது.

கல்முராத்


பிஷ்கேக்
அக்டோபர் 25

என்னவருக்கு,

பேருந்து நிலையத்துக்கு நானும் எமிலும் போயிருந்தோம். தஷ்தான் முதலில் கடிதத்தைக் கையில் கொடுத்தான். அங்கேயே நின்று படித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் நரித்தோல் தொப்பி படியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. "நல்லா இருக்கீங்களா சம்பந்தி?" அவ்வளவுதான். வீடு வரும்வரை அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாமனார் வருகிறார் என்று புருல் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி, பாதி ஆடு வாங்க எமிலை அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கோட்டைக் கழற்றாமலே கேட்டார்:

"மருமகளே, எங்க ஓடறான் இவன்?"

"கறி வாங்க, மாமா."

"இன்னைக்கு உங்க வீட்டுல என்ன சமையல்?"

புருல் என்னைப் பார்த்தாள். "பீன்ஸ் போட்ட சூப்தான், மாமா. அது எங்களுக்கு..."

"அதே போடு. உட்காருடா எமிலு."

பிறகு பேரனை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், நீங்கள் மெதுவாகப் படித்துக்கொள்ளுங்கள்:

"சம்பந்தி, மூணு வருஷமா உங்க வீட்டுப் பக்கம் ஏன் வரலன்னு நெனச்சீங்க? நான் வந்தா அவர் ஆடு வெட்டுவாரு. அவர் ஆடு வெட்டினா, அவர் வரும்போது நான் குதிரைக்குட்டி வெட்டணும். என்கிட்ட எங்க இருக்கு குதிரைக்குட்டி? பண்ணை போச்சு, மந்தை போச்சு, தொப்பி மட்டும்தான் மிச்சம். அதான் வேலை இருக்கு, வேலை இருக்குன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தேன். சொந்த அக்காவப் பார்த்து ரெண்டு வருஷம். அவ வெட்டுவாளேன்னு பயம். அந்தக் கஞ்சியக் குடிச்ச ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. விடிஞ்சதும் நேரா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்லயே சொல்லிட்டேன், 'அக்கா, ஆட்டத் தொட்டா திரும்பிப் போயிடுவேன், இன்னைக்கு நீ என்ன ஆக்கியிருக்கியோ அதப் போடு'ன்னு. அவ அழுதுட்டா. ரெண்டு பேரும் உருளைக்கிழங்கு தின்னோம்."

அவர் அப்படிச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். கழற்றினால் அவரும் நம்மைப் போல ஒரு கிழவர்தான்.

ஊரில் என்ன பேசினாலும் பேசட்டும். வசந்தத்தில் அவர் தன் வீட்டுக்காரியோடு வருகிறாராம். "புதன்கிழமையாப் பார்த்து வர்றேன்" என்றார்.

வாடகை அறை வேண்டாம் என்று எமிலிடம் சொல்லிவிட்டேன். சந்தைக்கு ஆள் போகவேண்டியதில்லை. புருல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், குழந்தையை யார் பார்ப்பது என்று. பார்த்துக்கொள்வாள், நான் பார்க்கவில்லையா? வெந்நீர்க் குழாயை விட்டு வருவதுதான் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் கிணற்றிலிருந்து நீர் இறைத்துச் சூடாக்கித் தருவீர்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய், நவம்பர் 2, பேருந்தில் வருகிறேன்.

அனார்கான்


ஆக்-பெல்
நவம்பர் 2

அனார்கானுக்கு,

இந்தக் கடிதத்தை தஷ்தானிடம் கொடுக்கப்போவதில்லை. அவன் பேருந்தில் நீ வந்துகொண்டிருக்கிறாய். எழுதிப் பழகிவிட்டது, சும்மா இருக்க முடியவில்லை. வந்ததும் உன் கையிலேயே தருகிறேன். நான் உன் மூட்டையைத் தூக்கி வைக்கும்போது நீ படி.

காலையிலேயே தண்ணீர் இறைத்துவிட்டேன். கொட்டிலைக் கூட்டினேன். கணவாயின் மேல் பனி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் வழி திறந்திருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருமுறை.

இந்த வாரத்துக்கான தாளைச் சனிக்கிழமையே எழுத உட்கார்ந்தேன். ஞாயிறு எழுதினேன், திங்கள் எழுதினேன், புதன் முதல் சனி வரை எல்லாம் எழுதிவிட்டேன். இப்போது கையெழுத்து நேராக வருகிறது, நீயே பார்ப்பாய். செவ்வாய்க்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நீ வரும் நாள். உனக்குப் பிடித்ததை எழுதலாம் என்று நினைத்தேன்.

எனக்குக் கொழுப்போடு விலாக் கறி பிடிக்கும், அது உனக்குத் தெரியும். புருலுக்குப் பொரித்த ரொட்டி பிடிக்கும். ஷர்ஷேனுக்கு எது போட்டாலும் பிடிக்கும். உனக்கு என்ன பிடிக்கும், அனார்கான்? பசு கறக்கும்போதும் யோசித்தேன், கடைக்குப் போகும்போதும் யோசித்தேன். கென்ஜேயைக் கேட்டேன். "என்னக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும் பெரியப்பா?" என்றாள். நீ எப்போதும் எங்களுக்குப் பின்னால்தான் சாப்பிட்டாய்.

ஆகவே செவ்வாய்க்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. மாவு இருக்கிறது, கிழங்கு இருக்கிறது, பால் இருக்கிறது, நேற்று எலும்போடு கொஞ்சம் கறியும் வாங்கி வைத்திருக்கிறேன். பேனா சுவரோரம் இருக்கிறது. நீ சொல், நான் எழுதுகிறேன்.

அடுப்பில் இப்போதைக்குத் தண்ணீர் மட்டும் வைத்திருக்கிறேன்.

கல்முராத்